பத்தோடு பதினொன்றாக நிற்காமல் இருக்க: தொழில் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள், வட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சாமான் திறம், வேலை சுத்தம், ஆனால் பத்தோடு பதினொன்றாகத்தான் நிற்கிறோம், எங்களுக்கென்று ஒரு பெயர் எடுப்பது எப்படி? சரி, வரிக் கேள்விகளையும் வங்கிக் கடன் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதையே பார்ப்போம். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். நீளமான குரல் பதிவு அனுப்பியவர்கள் கோபிக்கக்கூடாது.

கேள்வி: வீட்டில் கறித்தூள் செய்து பக்கற் போட்டு விற்கிறேன். "யாழ்" என்று தொடங்கும் ஒரு பெயர் வைத்து, பனைமரமும் நல்லூர்க் கோபுரமும் போட்டு, தெரிந்த தம்பி ஒருவரிடம் லோகோவும் செய்வித்தேன். கடைக்காரர்கள் எடுக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் தட்டில் எது முன்னுக்கு இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்களுடையதைக் கேட்டு வாங்க வைக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: அக்கா, திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு பலசரக்குக் கடையில் கறித்தூள் தட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பனைமரம், கோபுரம், யாழ், மண்பானை, திரும்பவும் பனைமரம். பெயர்களும் கணினியில் வருகிற அதே பாமினி எழுத்தில், அதே சிவப்பு மஞ்சளில். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு "இது யாழ்ப்பாணத் தூள்" என்றால் வாங்குகிறவருக்கு அதில் என்ன புதுசு? வெள்ளவத்தையிலோ ஸ்கார்பரோவிலோ அந்தப் பெயருக்கு ஒரு வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கேயும் அது ஊரைத்தான் சொல்லுமே தவிர உங்களைச் சொல்லாது, பக்கத்தில் இருக்கிற மற்றப் பக்கற்றும் அதே ஊரைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கும். லோகோ செய்த தம்பியில் பிழை இல்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த தகவல் அவ்வளவுதான், அதற்கு அவர் கீறித் தந்தார்.

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரை ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பும்போது கவனித்துப் பாருங்கள். பலகையில் இருக்கிற பெயரைச் சொல்பவர்கள் குறைவு. "கஸ்தூரியார் வீதியில, அந்த வெள்ளைத் தாடி ஐயா இருக்கிற கடை" என்பார்கள். "பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு போனா வடை கிடையாது, அந்தக் கடை" என்பார்கள். "கடன் தரமாட்டார், ஆனா நிறை சுத்தம்" என்பார்கள். பிராண்ட் என்று பெரிய எடுப்பில் வகுப்பு வைக்கிறார்களே, எனக்குத் தெரிய அது இந்த ஒரு வசனம்தான். உங்களைப் பற்றி அப்படி ஒரு வசனம் ஊரில் ஓடுகிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். தொடர்ந்து வாங்குகிற நாலைந்து பேரிடம், "என்ர தூளை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ, என்ன சொன்னனீங்கள்?" என்று கேளுங்கள். "நல்ல தூள்" என்று மட்டும் சொன்னால் இன்னும் வசனம் பிறக்கவில்லை என்று அர்த்தம். "அவ கறுப்பா வறுப்பா, இறைச்சிக்கு அதுதான் சரி" என்று யாராவது சொன்னால், அங்கே நிறுத்துங்கள், கிடைத்துவிட்டது.

கறித்தூளில் இதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. மல்லி, செத்தல் மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று எல்லோர் வீட்டிலும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வறுவலும் அளவும் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் மல்லியைக் கறுக்கும் கட்டம்வரை கொண்டுபோவார்கள், இன்னொரு வீட்டில் பொன்னிறத்தில் இறக்கிவிடுவார்கள், சிலர் பெருஞ்சீரகத்தை அள்ளிப் போடுவார்கள், சிலருக்கு அது கிட்டவும் வரக்கூடாது. நீங்கள் எந்தப் பக்கம்? "எல்லாக் கறிக்கும் ஏற்றது" என்று உங்கள் லேபிளில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று முடிவெடுத்தால் மரக்கறிக்காரர் சிலர் போய்விடுவார்கள், ஆனால் மீன்காரர் உங்களைத் தேடி வருவார். எதைச் செய்யமாட்டீர்கள் என்று சொல்லத் தயாரில்லாமல் தனித்துத் தெரிய முடியாது.

இன்னொன்று, திகதி. தூளின் உயிர் வாசம், அது அரைத்த நாளிலிருந்து இறங்கிக்கொண்டே போகும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை, விலை, முகவரி எல்லாம் எப்படியும் போடத்தான் வேண்டும். எல்லோரும் பின்பக்கத்தில் கண்ணாடி போட்டாலும் தெரியாத மாதிரி அடிக்கிறார்கள். நீங்கள் "அரைத்த நாள்" என்று முன்பக்கத்தில், பெரிதாக, பேனையால் உங்கள் கைப்பட எழுதுங்கள். அப்புறம் கடைக்காரரோடு பேசி, இத்தனை கிழமைக்கு மேல் தட்டில் கிடக்கிற பக்கற்றை நானே திருப்பி எடுப்பேன் என்று சொல்லி, சொன்னபடி எடுங்கள். முதலில் காசு போகும். அதனால் பத்துக் கடைக்குக் கொடுக்கிறதை நாலு கடையாகக் குறைத்து, சின்னச் சின்னத் தொகையாக அரையுங்கள். "திகதி கையால எழுதி வரும், பழசெண்டா அவவே வந்து எடுத்துக்கொண்டு போயிடுவா" என்று கடைக்காரரே உங்களுக்காகக் கதைக்கத் தொடங்குவார். அச்சடித்த எந்த விளம்பரமும் அவ்வளவு வேலை செய்யாது.

ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். கடிதத்தில் ஒரு இடத்தில் "இடிக்கிறேன்" என்றும் இன்னொரு இடத்தில் "மில்லில் அரைக்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மில்லில் அரைத்தால் அப்படியே சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. "கையால் இடித்தது" என்று லேபிளில் போட்டுவிட்டு வாளியோடு மில்லில் வரிசையில் நிற்பதை ஊரில் ஒருவர் கண்டால் போதும், உங்களுக்கும் ஒரு வசனம் பிறந்துவிடும், நீங்கள் விரும்பாத வசனம்.

பெயரை மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்றுங்கள், இப்போதே, இன்னும் பரவ முதல். உங்கள் பெயரோ, தூளைப் பழக்கிய அம்மாவின் பெயரோ, வளவின் பெயரோ, எதுவானாலும் போனில் ஒருமுறை சொன்னால் மற்றப் பக்கத்துக்கு விளங்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறையை முடிவெடுத்து லேபிள், பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றிலும் அதே எழுத்தைப் பாவியுங்கள். ழகரம் உள்ள பெயர் என்றால் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரித் தட்டிப் பார்ப்பார்கள், நீங்கள் அகப்படமாட்டீர்கள்.

கேள்வி: உயர்தர இரசாயனவியல் ரியூசன் தொடங்கியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் சித்தியடைந்தவன். ஆனால் பெரிய சேர்மாரின் போஸ்டருக்கு நடுவில் என்னுடையதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.
– ஒரு ஆசிரியர், கொக்குவில்

பதில்: தம்பி, தனி ஆளின் பெயரில் தொழில் நடத்துவது எப்படி என்று இப்போது காசு வாங்கிப் படிப்பிக்கிறார்களே, அதை எங்கள் ரியூசன் சேர்மார் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். பாடத்தின் பெயரையும் சேரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் போதும், வகுப்பு நடக்கிற நிறுவனத்தின் பெயர் பிள்ளைக்குத் தேவையே இல்லை. அந்த இடத்துக்கு அவர்கள் போஸ்டரால் வந்தவர்கள் என்று நினைக்கிறீர்களா? மதிலில் ஒட்டினது பிறகு. முதலில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் "அந்தச் சேர் சேதனம் படிப்பிச்சா மறக்காது" என்று சொல்லியிருக்கும்.

முதல் வகுப்புச் சித்தியைப் பெரிதாகப் போடாதீர்கள். பெற்றோருக்கு அது பிடிக்கும், பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரசாயனவியலில் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த ஒரு இடத்தைப் பிடியுங்கள். கட்டமைப்பு வினாவில் விடை தெரிந்தும் எழுதத் தெரியாமல் புள்ளி விடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்? கிழமைக்கு ஒரு கடந்தகால வினாவை எடுத்து, பிள்ளை எழுதிய விடையைத் திருத்தி, எந்த வரிக்குப் புள்ளி வரும், எந்த வரிக்கு வராது என்று காட்டி ஒரு சின்ன வீடியோ இலவசமாகப் போடுங்கள். பிள்ளையின் பெயர் தெரியக்கூடாது. வருஷம் முழுக்க ஒரு கிழமையும் தவறாமல் போடுங்கள். "விடை திருத்திற சேர்" என்று பெயர் வந்தால் அது காணும்.

பெறுபேறு வந்ததும் பிள்ளைகளின் படத்தைப் போடுவதானால் பெற்றோரிடம் கேட்டுப் போடுங்கள், உங்களிடம் உண்மையாகவே படித்த பிள்ளையை மட்டும் போடுங்கள். ஒரே மூன்று ஏ பிள்ளை மூன்று நிறுவனங்களின் பனரில் நின்று சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கு அதில் நம்பிக்கை போய் நாளாயிற்று.

கேள்வி: சாறி பிளவுஸ் தைத்து ஆரி வேலையும் செய்து கொடுக்கிறேன். ஒன்லைனில் ஒரு தொழில் வகுப்புக்குச் சேர்ந்தேன். "முகத்தைக் காட்டாவிட்டால் பிராண்ட் இல்லை, லலிதா ஜுவல்லரி முதலாளியைப் பாருங்கள்" என்று படிப்பித்தவர் சொன்னார். வீட்டில் விருப்பமில்லை, எனக்கும் விருப்பமில்லை. முகம் காட்டாமல் முடியாதா?
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: முடியும் பிள்ளை. லலிதா ஜுவல்லரி விளம்பரங்களில் அதன் முதலாளி கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து நிற்பது ஞாபகம் இருக்கிறது, சரி. ஆனால் அவர் என்ன சொன்னார்? எங்கள் விலையைப் படம் எடுத்துக்கொண்டு போய் நாலு கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு வாங்குங்கள் என்றார். நகைக்கடையில் சேதாரம், செய்கூலி என்று எல்லோரும் மனதுக்குள் சந்தேகப்படுகிற இடத்தில் போய்க் கைவைத்தார். முகம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் வந்தது. அந்தப் பேச்சு இல்லாமல் முகத்தை மட்டும் காட்டிய முதலாளிமார் எத்தனையோ பேர், ஒருவரையாவது பெயர் சொல்ல முடியுமா உங்களால்?

உங்கள் தொழிலில் சந்தேகம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். அளவு. அதுவும் கனடாவிலோ லண்டனிலோ இருந்து கலியாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து இறங்குகிற பொம்பிளைக்கு, வட்ஸ்அப்பில் அளவு அனுப்பித் தைப்பித்த பிளவுஸ் பொருந்துமா இல்லையா என்கிற பயம் இருக்கிறதே, அது சின்னப் பயம் இல்லை. அந்தப் பயத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றை மேசையில் விரித்து, அளவு நாடா வைத்து, எங்கெங்கே அளக்க வேண்டும் என்று உங்கள் கையை மட்டும் காட்டி ஒரு வீடியோ எடுங்கள். ஓடர் கேட்கிற எல்லோருக்கும் முதலில் அதை அனுப்புங்கள். உள்ளுக்கு இத்தனை அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன், வந்து போட்டுப் பார்த்து இறுக்கமென்றால் அன்றைக்கே பிரித்துப் பெருப்பித்துத் தருவேன், அதற்குக் காசு இல்லை என்று சொல்லுங்கள். நல்ல தையல்காரர் எல்லோரும் துணி விட்டுத்தான் தைப்பார்கள். ஆனால் அதை வெளியில் சொல்லி, படம் பிடித்துக் காட்டி, தன் பெயரோடு சேர்த்து வைத்தவர்கள் குறைவு.

அப்புறம் கை, குரல், மேசை இந்த மூன்றும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரே மேசை, யன்னல் பக்கத்து வெளிச்சம், விரலில் அதே விரற்கூடு. பின்னணியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒவ்வொரு சினிமாப் பாட்டுப் போடாமல் உங்கள் குரலிலேயே கதையுங்கள், மானிப்பாய்க் கதையிலேயே கதையுங்கள். சென்னைத் தமிழில் "ஹாய் ஃபிரெண்ட்ஸ்" என்று தொடங்கினால் ஆயிரம் பேரில் ஒருவராகிவிடுவீர்கள். பொம்பிளை பிளவுஸ் போட்ட படத்தை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள், சம்மதித்தாலும் கலியாணம் முடிந்த பிறகு. கலியாணத்துக்கு முதல் போட்டால் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் உங்களிடம் தைக்க வரமாட்டார்கள், இது நிச்சயம்.

கேள்வி: நீர்ப்பம்பி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர்தான் கடையின் பெயர். பேஸ்புக்கில் அரசியல் எழுதுவேன். அது தொழிலைப் பாதிக்கும் என்று மனைவி சொல்கிறார்.
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: அண்ணை, அக்கா சொல்வது சரி. எழுதுவது உங்கள் உரிமை, அதை நிறுத்தச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உங்கள் பெயர் கடைக்கும் பெயர் என்றால், நீங்கள் இரவு பதினொரு மணிக்குக் கோபத்தில் எழுதுவதும் கடையின் பலகையில் எழுதினது மாதிரித்தான். கடைக்கு வேறாக ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்குங்கள், போன் நம்பரை அங்கே மட்டும் போடுங்கள், அங்கே பம்பி மட்டும் இருக்கட்டும். கடைப் பக்கத்தில் வாடிக்கையாளர் யாராவது குறை எழுதினால் பதில் எழுத முன் அக்காவிடம் ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: "ஸ்வீற்" என்று தொடங்கும் பெயரில் நான் கேக் செய்து விற்கிறேன். பிரதேச செயலகத்தில் பதிந்த பெயர். இப்போது கிளிநொச்சியில் ஒருவர் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே லோகோவோடு தொடங்கியிருக்கிறார். பதிவு என்னிடம் இருக்கிறபடியால் தடுக்கலாம்தானே?
– ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: அந்தப் பத்திரம் மட்டும் காணாது. பிரதேச செயலகத்தில் நீங்கள் செய்தது வியாபாரப் பெயர்ப் பதிவு. இன்ன பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கான பதிவு அது. வங்கியில் கணக்குத் திறக்கவும் கடன் எடுக்கவும் தேவைப்படும். ஆனால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும்தான் என்கிற உரிமை அதிலிருந்து வராது. அதற்கு ட்ரேட்மார்க் என்று சொல்கிற வர்த்தகக் குறியைக் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிற பதிவு. கிடைத்தால் 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம்.

பொருட்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், 34 பொருட்களுக்கு, 11 சேவைகளுக்கு. எந்த வகுப்பில் பதிகிறீர்களோ அதற்குத்தான் பாதுகாப்பு. கேக், மிட்டாய், கறித்தூள், தேயிலை எல்லாம் 30ஆம் வகுப்பு. நாளைக்குக் கதிரை மேசை போட்டு இருந்து சாப்பிடுகிற கடை திறக்கும் எண்ணம் இருந்தால் 43ஆம் வகுப்பும் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்க முதல் அதே மாதிரிப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அலுவலகம் ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் போடுவார்கள், அதற்குப் பிறகு மூன்று மாதம் வரைக்கும் யாராவது ஆட்சேபிக்கலாம். மொத்தத்தில் பொறுமை வேண்டும், இன்றைக்குக் கொடுத்து நாளைக்கு எடுக்கிற விஷயம் இல்லை. பதிந்த குறி என்று காட்டுகிற, வட்டத்துக்குள் இருக்கிற ஆர் எழுத்தை (®) பதிவு வரும்வரை லேபிளில் போடாதீர்கள்.

ஆனால் உங்களுடைய பெரிய சிக்கல் கிளிநொச்சிக்காரர் இல்லை, அந்தப் பெயர்தான். இனிப்பை இனிப்பு என்று சொல்கிற பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சட்டம் தயங்கும். பொருளின் தன்மையை, வகையை, ஊரை மட்டும் சொல்கிற பெயர்களுக்கு எல்லாம் இதே கதைதான், முதல் கேள்வி கேட்ட கோண்டாவில் அக்காவும் இதைக் கவனிக்க வேண்டும். கேக்கோடு ஒரு சம்பந்தமும் இல்லாத, நீங்களே உண்டாக்கிய பெயர் என்றால் பதிவது சுலபம், இன்னொருவர் "எனக்கும் தற்செயலாகத் தோன்றியது" என்று சொல்வதும் கஷ்டம்.

இப்போதைக்கு, அந்தக் கிளிநொச்சிக்காரருக்குப் போன் எடுத்து மரியாதையாகக் கதையுங்கள். பேஸ்புக்கில் பெயர் போட்டுத் திட்டாதீர்கள், அவருக்கு நீங்களே விளம்பரம் செய்து கொடுத்ததாக முடியும். பழைய பில், திகதியோடு இருக்கிற பழைய பதிவுகள், பெட்டி அச்சடித்த ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். குறியைப் பதியாவிட்டாலும், வாங்குகிறவரைக் குழப்புகிற மாதிரி நடந்தால் நியாயமற்ற போட்டி என்று அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் போவதானால் சட்டத்தரணியோடு போங்கள், அப்போது அந்தக் கோப்புத் தேவைப்படும்.

கேள்வி: அப்பாவின் பெயரில் முப்பது வருஷமாகப் பலகாரக் கடை. அப்பாவுக்கு இப்போது ஏலாது. நான் எடுத்து நடத்தப் போகிறேன். பெயர் பழசாக இருக்கிறது, ஸ்டைலாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துப் புதிதாகத் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: தம்பி, முப்பது வருஷமாக ஒருவர் பெயரைச் சொல்லி வடையும் முறுக்கும் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள், அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் காசு கொடுத்துப் புதுப் பெயரைப் பழக்கப் போகிறீர்கள். ஏன்?

டில்மா தேயிலை எல்லோருக்கும் தெரியும். மெரில் ஜே. பெர்னாண்டோ அந்தப் பெயரைத் தன் இரண்டு மகன்மாரான டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து உண்டாக்கினார். இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கி வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் பெயரில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இங்கேயே பக்கற் போட்டு, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் தானே வந்து நின்று, குடித்துப் பாருங்கள் என்று சொல்லி விற்றார். 2023இல் அவர் காலமானார், மகன்மார் நடத்துகிறார்கள், பெயரில் ஏற்கனவே அவர்கள் இருக்கிறார்கள். சன் ரிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு வசந்த் அன் கோ விளம்பரமும் ஞாபகம் இருக்கும், அதன் முதலாளி எச். வசந்தகுமார் அவரேதான் சிரித்துக்கொண்டு வருவார். 2020இல் அவரும் போய்விட்டார், பெயர் போகவில்லை. ஆள் இல்லாத காலத்திலும் பெயர் நிற்க வேண்டுமானால் ஆளோடு சேர்ந்து ஒரு முறையும் இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் முறை என்ன? எண்ணெயை எத்தனை முறைக்குப் பிறகு மாற்றுவார், பருத்தித்துறை வடைக்கு மாவை எந்தப் பதத்தில் தட்டுவார், எத்தனை மணிக்கு அடுப்பை நிறுத்துவார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன கணக்கில் கொடுப்பார்? அவருக்கு ஏலாமல் போனது கையும் காலும்தான் என்றால் இன்றைக்கே அவரை அடுப்படியில் கதிரை போட்டு இருத்தி, கதைக்க விட்டு, போனில் பதியுங்கள். அவருடைய "கொஞ்சம்", "கைப்பிடி" எல்லாவற்றையும் தராசில் வைத்துக் கிராமில் எழுதுங்கள். அது இல்லாமல் பலகையில் பெயர் மட்டும் இருந்தால் ஒரு வருஷத்தில் "அப்பா இருக்கேக்க நல்லாயிருந்தது" என்ற வசனம் வந்துவிடும், அதற்குப் பிறகு என்ன பெயர் வைத்தும் பிரயோசனமில்லை.

பலகையைப் புதிதாக எழுதுங்கள், வெளிச்சம் போடுங்கள், எண்ணெய்க் கடதாசிக்குப் பதிலாக நல்ல பெட்டி அடியுங்கள், ஆங்கிலத்திலும் அப்பாவின் பெயரை எழுதுங்கள். ஸ்டைல் அவ்வளவும் காணும். உங்களுடையது என்று ஒன்று செய்ய ஆசை இருக்கும், நியாயமான ஆசை, அப்பா செய்யாத ஒரு பலகாரத்தை உங்கள் பெயரில் அதே கடையில் தொடங்குங்கள். ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் கடைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: சனிக்கிழமைகளில் மட்டும் ஒடியல் கூழ் செய்து விற்கிறோம். யூரியூப் தம்பி ஒருவர் வந்து சாப்பிட்டு வீடியோ போடக் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? எங்கள் பேஸ்புக் பக்கத்தை ரொறன்ரோவில் இருக்கிற மருமகன்தான் பார்க்கிறார், அவர் கொடுக்கச் சொல்கிறார்.
– ஒரு தம்பதி, குருநகர்

பதில்: காசைக் கையில் வைத்திருங்கள். சனிக்கிழமைக்கு ஒரு அண்டா கூழ், அது மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடியோ ஓடினால் இருநூறு பேர் வருவார்கள், ஐம்பது பேருக்குக் கிடைக்கும், மிச்சப் பேர் வெறுங்கையோடு திரும்பிப் போய் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுவார்கள். அல்லது அண்டாவைப் பெருப்பிப்பீர்கள், நண்டும் இறாலும் கணவாயும் குறையும், பயற்றங்காயும் மரவள்ளியும் கூடும், வழமையாக வருகிற ஆட்கள் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார்கள். அந்தத் தம்பியைப் பார்க்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் என்றால் அவர்கள் பார்த்து ஏங்குவார்கள், ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால்தான் குடிப்பார்கள். ஆடி, ஆவணிக்கு முன்னால் ஒருவர் தானாக வந்து காசு கொடுத்துக் குடித்து வீடியோ போட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சனிக்கிழமை மட்டும், ஒரு அண்டா மட்டும் என்பது உங்களிடம் தானாகவே அமைந்திருக்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்தும் உண்டாக்க முடியாத சாமான் அது, கெடுத்துவிடாதீர்கள். பலா இலையைக் கோலிக் கொடுப்பதும் நல்லது, ஆனால் படம் எடுக்க வருகிறவருக்கு மட்டும் இலையும் மற்றவருக்குப் பிளாஸ்டிக் கோப்பையும் என்று வைக்க வேண்டாம்.

அதைவிட அவசரமானது அந்தப் பேஸ்புக் பக்கம். மருமகன் நல்லவர்தான், சந்தேகமில்லை, ஆனால் பக்கம் அவருடைய கணக்கில் மட்டும் இருந்தால் நாளைக்கு அவருடைய கணக்கு முடங்கினாலோ, குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல் வந்தாலோ உங்கள் பெயர் ரொறன்ரோவில் மாட்டிக்கொள்ளும். இந்தக் கிழமையே உங்கள் இருவரில் ஒருவருக்கு முழு உரிமை தரச் சொல்லுங்கள். கூகிள் மப்பில் கடையை நீங்களே பதிந்து, சனிக்கிழமை மட்டும் திறப்பு என்று நேரத்தைச் சரியாகப் போடுங்கள், இரண்டுக்கும் காசு இல்லை. வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியையும் இறக்கி, கேட்கிறவர்களின் நம்பரைச் சேமித்து வைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாளைக்கு என்ன மீன் என்று ஒரு ஸ்டேட்டஸ் போடுங்கள். சனிக்கிழமை அண்டா முடிந்ததும் "முடிஞ்சுது" என்று இன்னொன்று, அந்த வெறும் அண்டாவின் படத்தோடு.